விரலின் எடை 35 கிராம்

நிமிடத்துக்கு 33⅓ சுற்று. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. இசைக்காரர் யாரும் கேட்டு வாங்கிய எண் அல்ல இது. 1920களில் அமெரிக்காவில் பேசும் படம் வந்தபோது, ஒரு ஃபிலிம் சுருள் ஓடி முடிகிற பத்துப் பதினோரு நிமிடத்துக்கும் தாக்குப்பிடிக்கிற ஒலித்தட்டு வேண்டியிருந்தது. அதுவரை புழக்கத்தில் இருந்த 78 சுற்றுத் தட்டு மூன்று நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். தட்டைப் பெரிதாக்கினார்கள், சுற்றைக் குறைத்தார்கள். 33⅓ பிறந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டுகளைக் கொண்டுவந்தபோது அதே வேகத்தை எடுத்துக்கொண்டது. சினிமாக் கொட்டகைக்காகப் போட்ட அந்தக் கணக்கு, எல்.பி. வந்து கால் நூற்றாண்டு கழித்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் விடலைப் பையன்களின் மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. எப்படி என்று பார்ப்போம்.

பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. 1973 ஆகஸ்ட் 11 அன்று அங்கே இருந்த பொது அறையில் ஒரு பார்ட்டி நடந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத்துணி எடுக்கக் காசு சேர்க்கவேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. பாட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ். வயது 18. ஊருக்குள் கூல் ஹெர்க் என்று பெயர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க் வந்தவர். கிங்ஸ்டனில் தெருவுக்குத் தெரு பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் 'சவுண்ட் சிஸ்டம்' வழக்கம் உண்டு. ஹெர்க்கின் காதில் இருந்தது அந்த ஊர்ச் சத்தம்.

ஆடுகிறவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்த ஹெர்க்குக்கு ஒன்று புலப்பட்டது. ஜேம்ஸ் பிரவுன் பாட்டு ஓடும்போது எல்லோரும் ஏதோ ஆடுகிறார்கள். ஆனால் பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி, டிரம்ஸும் பாஸும் மட்டும் தனித்து ஓடுகிற சில விநாடிகள் வரும்போதுதான் நல்ல ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்குகிறார்கள். அந்த இடத்துக்குப் 'பிரேக்' என்று பெயர். ஐந்து விநாடி, பத்து விநாடி. வந்த வேகத்தில் போய்விடும். ஹெர்க் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒரு பிளேயரில் பிரேக் முடிவதற்கும் அடுத்ததில் தொடங்குவதற்கும் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தார். பத்து விநாடி பத்து நிமிடமானது. ராட்டினம் என்ற பொருள்படும் பெயரை இந்த உத்திக்கு வைத்தார்.

ஒரு பிளேயர் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நம் ஊர் மைக் செட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கல்யாண வீட்டு ஓரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, ஒரே ஒரு பிளேயரில் ரெக்கார்டு போட்ட மனிதர். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் சோகப்பாட்டு வந்துவிட்டால் அவர் கதை முடிந்தது. ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவில் ஊசியை எடுக்கவேண்டும், தட்டை மாற்றவேண்டும், அந்த இடைவெளியில் ஊரே நாதஸ்வரக்காரரின் சீவாளிச் சத்தத்தைக் கேட்கும். அவருடைய திறமை முழுவதும் தேர்வில் இருந்தது. கைக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாவது பிளேயரும், இரண்டுக்கும் நடுவே ஒரு மிக்ஸரும் வந்த பிறகுதான், பாட்டுப் போடுவது என்பது வாசிப்பது என்கிற இடத்துக்கு நகர்கிறது.

ஹெர்க் ஊசியைக் கண்ணளவில் வைத்தார். சில சமயம் சரியாக விழும், சில சமயம் தாளம் தட்டுக்கெட்டுப் போகும். கூட்டத்துக்கு அது பொருட்டாக இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு பையனுக்கு அது உறுத்தியது. ஜோசப் சாட்லர் என்ற அவன் பார்பேடோஸில் பிறந்தவன், தொழிற்கல்விப் பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். ஹெர்க் கலைஞர் என்றால் ஃபிளாஷை ஒரு ஃபிட்டர் என்று சொல்லலாம். பாராட்டாகவே சொல்கிறேன்.

ஃபிளாஷின் கேள்வி இது: பிரேக் தொடங்கும் இடத்துக்கு ஊசியைத் தூக்காமலே திரும்பிப் போக முடியுமா? அதற்கு அவர் ரெக்கார்டின் மேல் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோடு எந்தத் திசையில் நிற்கும்போது பிரேக் தொடங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார், கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல. பிறகு, பிரேக் ஓடும் நேரத்தில் கோடு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினார். அத்தனை முறை தட்டைப் பின்னால் இழுத்தால் தொடங்கிய இடம் வந்துவிடும்.

அந்தப் பழைய 33⅓ இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. நிமிடத்துக்கு 100 தாளத்தட்டு விழும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 0.6 விநாடி. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி என்பதால், சுற்றுக்குச் சரியாக மூன்று தட்டு விழும். பிரேக்கின் நீளம் எட்டுத் தட்டு என்றால் 4.8 விநாடி, அதாவது இரண்டேமுக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ரெக்கார்டில் அந்த 4.8 விநாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு ரெக்கார்டை அதே அளவு பின்னால் இழுத்து, கோடு சரியான திசையில் நிற்கிறதா என்று பார்த்து, விரலால் பிடித்து வைத்திருந்து, சமத்தில் விடவேண்டும். விட்ட மறுகணம் முதல் ரெக்கார்டை இழுக்கத் தொடங்கவேண்டும். பாட்டு வேகமானால் சுற்றுக்கு விழும் தட்டு கூடும். நிமிடத்துக்கு 133 தட்டு வந்தால் சுற்றுக்கு நான்கு. அப்போது கோடு ஒவ்வொரு நான்காவது தட்டுக்கும் ஒரே திசையில் வந்து நிற்கும். தாளத்தின் கணக்கை மோட்டாரின் கணக்கோடு பொருத்திப் பார்க்கிற வேலை இது. நட்டுவாங்கம் தட்டுகிறவரின் மூளையில் ஓடும் கணக்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

ஆனால் அந்தக் காலத்தில் ரெக்கார்டின் மேல் விரல் வைப்பது என்பது கிட்டத்தட்ட பாவம். ஓரத்தைப் பிடித்து எடுக்கவேண்டும், உறைக்குள் வைக்கவேண்டும், அவ்வளவுதான். பாவம் என்பது ஒருபுறம் இருக்க, விரல் வைத்தால் வேறொரு சிக்கலும் வந்தது. பிளேயரின் சுழல்தட்டின் மேல் ரப்பர் விரிப்பு இருக்கும். ரெக்கார்டு வழுக்கக்கூடாது என்பதற்காகவே போட்ட விரிப்பு. ரெக்கார்டைப் பிடித்தால் சுழல்தட்டும் சேர்ந்து நிற்கும். விட்டால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும். அந்த நேரத்தில் பாட்டு தூங்கி எழுந்தவன் குரலில் இழுத்துக்கொண்டு வரும்.

ஃபிளாஷின் அம்மா தையல் வேலை செய்தவர். வீட்டில் ஃபெல்ட் துணி கிடைத்தது. அதை ஃபிளாஷ் ரெக்கார்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, ரப்பர் விரிப்பு இருந்த இடத்தில் போட்டார். இப்போது மேலே ரெக்கார்டு நிற்கும், கீழே சுழல்தட்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். வானொலி நிலையங்களிலும் சில டிஸ்கோ அரங்குகளிலும் இதே உத்தியைப் பாட்டை நேரத்துக்குத் தொடங்குவதற்குப் பயன்படுத்தியவர்கள் உண்டு. 1970ஐ ஒட்டி மன்ஹாட்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கிய சாங்ச்சுவரி என்ற நடன அரங்கில், ஃபிரான்சிஸ் கிராஸோ இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்துக் காட்டியிருந்தார். ஃபிளாஷுக்கு அந்தத் துணி பாட்டைத் தொடங்குவதற்கு மட்டுமல்ல, பாட்டை வெட்டி ஒட்டுவதற்கே வழியானது. இன்று கடையில் 'ஸ்லிப்மேட்' என்று விற்கிறார்கள்.

துணி வந்தாயிற்று, மோட்டாருக்குச் சக்தி இருக்கிறதா? சின்னக் கணக்கு. ரெக்கார்டின் எடையை 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலான உராய்வுக் கெழு தோராயமாக 0.3. ஆக, நின்றுகொண்டிருக்கும் ரெக்கார்டு கீழே சுற்றும் தட்டை 45 கிராம் விசையால் தடுக்கிறது. அந்தத் தடுப்பு, மையத்திலிருந்து சராசரியாக 10 செ.மீ. தூரத்தில் வேலை செய்கிறது. பெருக்கினால் 0.45 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. ரெக்கார்டின் ஓரத்தில், மையத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி விரல் வைத்துப் பிடித்தால், அதை நிறுத்திவைக்க உங்களுக்கு வேண்டியது 35 கிராம் விசைதான். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை.

மோட்டாரின் பக்கம் பார்ப்போம். ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் விற்ற எஸ்எல்-1200 என்ற பிளேயரின் இரண்டாம் வடிவத்துக்குத் தொடக்க முறுக்குவிசை 1.5 கிலோ-செ.மீ. தடுப்பு 0.45, கையில் இருப்பு 1.5. மூன்று மடங்குக்கு மேல். கீழ்த்தட்டு அசராது. ஆனால் பழக்கமில்லாத ஒருவர் பதற்றத்தில் விரலை 300 கிராம் எடைக்கு அழுத்தினால் என்ன ஆகும்? அழுத்தத்தால் கூடும் உராய்வு 90 கிராம், 13 செ.மீ.யில் அது 1.17 கிலோ-செ.மீ. ஏற்கெனவே உள்ள 0.45ஐயும் சேர்த்தால் 1.62. மோட்டார் தோற்றுவிடும், சுழல்தட்டு இழுபட்டு நின்றுவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களிடம் 'கையை லேசாக வை' என்று ஆசான்கள் ஓயாமல் சொல்வது அழகுக்காக அல்ல. எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு சொம்புத் தண்ணீருக்கும் நடுவில்தான் அவர்கள் கலை நடக்கிறது.

எஸ்எல்-1200 வந்தது 1972இல். அதற்கு முன்பு பல வீட்டுப் பிளேயர்களில் மோட்டார் ஒரு மூலையில் சுற்றும், ரப்பர் பட்டை ஒன்று அதைச் சுழல்தட்டோடு இணைக்கும். பட்டை என்றால் நீளும், வழுக்கும், நாளாவட்டத்தில் தொய்யும். மாட்சுஷிடாவில் ஷூயிச்சி ஒபாடாவின் குழு பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, சுழல்தட்டின் அச்சையே மோட்டாராக்கியது. மோட்டார் நேரடியாக 33⅓ வேகத்திலேயே சுற்றும். அவர்களுடைய குறி தெளிவு: நிம்மதியாக உட்கார்ந்து சிம்பொனி கேட்கிறவருக்கு, நீண்ட ஒரு பியானோ ஒலி நடுங்காமல் ஒலிக்கவேண்டும். அந்த நடுக்கத்தைத் தவிர்க்க ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனமுள்ள அலுமினியத் தட்டு. அதைச் சுற்ற வலுவான மோட்டார். பெட்டி அதிராமல் இருக்கக் கனத்த அடிப்பாகம். அமைதியாகக் கேட்பவருக்காகச் சேர்த்த ஒவ்வொரு கிராமும், ஸ்பீக்கர் முன்னால் நின்று தட்டைப் பிடித்து இழுப்பவருக்கும் தோதாக அமைந்துவிட்டது. பெட்டி கனம் என்பதால் ஆட்டக்காரர்கள் தரையை மிதித்தாலும் ஊசி குதிக்கவில்லை. மோட்டார் வலு என்பதால் விட்டவுடன் ரெக்கார்டு ஓடியது.

1979இல் வந்த இரண்டாம் வடிவத்தில் டிஸ்கோக்காரர்களின் தேவையும் கணக்கில் சேர்ந்துவிட்டது. வேகத்தைக் கூட்டிக்குறைக்க வட்டக் குமிழுக்குப் பதில் வலது ஓரத்தில் நீளமான ஒரு நகர்த்தி. மேலே 8%, கீழே 8%. சுழற்சியைக் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும் மின்சுற்று. தட்டின் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. சரியான வேகத்தில் ஒரு வரிசைப் புள்ளிகள் ஓடாமல் நிற்பதுபோலத் தெரியும்.

படிகம் எதற்கு இங்கே? இரண்டு பாட்டை ஒன்றன்மேல் ஒன்று ஓடவிடும்போது வேகத்தில் 0.1% வித்தியாசம் இருந்தால் ஒரு நிமிடத்தில் 60 மில்லிவிநாடி விலகல் சேர்ந்துவிடும். அதில் பாதி இருந்தாலே இரண்டு டிரம்ஸும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். குதிரை ஓடுவதுபோல் 'டடக் டடக்' என்று விழும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டிஜே விரலால் தட்டை லேசாகத் தடவுவார், அல்லது நகர்த்தியை மயிரிழை தள்ளுவார். ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் அரங்கம். இப்படி இரு காதுக்கும் வேறு வேறு வேலை கொடுத்துக் கேட்கும் பழக்கம், வேறு எந்த இசைக்காரருக்கும் இந்த அளவுக்கு இல்லை என்று நினைக்கிறேன். நகர்த்தியின் நடுவில் பூஜ்யத்தில் விழும் ஒரு 'கிளிக்' இருந்தது. வீட்டில் கேட்பவருக்கு வசதி. டிஜேக்களுக்கோ பூஜ்யத்தை ஒட்டிய நுணுக்கமான திருத்தம் செய்யவிடாத தொல்லை. பின்னால் வந்த சில வடிவங்களில் அதை எடுத்துவிட்டார்கள்.

இந்த 8%க்கு இன்னொரு விலை உண்டு. ரெக்கார்டை வேகமாகச் சுற்றினால் தாளம் மட்டுமல்ல, சுருதியும் ஏறும். ஒரு ஸ்வரஸ்தானத்திலிருந்து அடுத்ததற்கு, அதாவது அரைச்சுரம் ஏற, அதிர்வெண் 5.95% கூடவேண்டும். நகர்த்தியை மேலே முட்டத் தள்ளினால் பாட்டு ஒன்றேகால் அரைச்சுரத்துக்கும் மேல் ஏறிவிடும். எந்த ஸ்வரத்திலும் சேராமல் நடுவில் தொங்கும். குரல்கள் சற்றே சிறுபிள்ளைக் குரல்களாகும். ஆகவே மற்றப் பாட்டின் வேகத்தைத் தொடாமல் விட்டால், 100 தட்டுப் பாட்டை 92க்கும் 108க்கும் நடுவில் உள்ள பாட்டுகளோடுதான் சேர்க்க முடியும், அதிலும் சுருதி இடிக்காமல் பார்க்கவேண்டும். நடன இசை ஒரு குறிப்பிட்ட வேகத்தைச் சுற்றியே குவிந்ததற்குக் காரணங்கள் பல. டிஜே எதை எதோடு சேர்க்க முடியும் என்பதற்கு இந்த நகர்த்தி எல்லை வகுத்ததும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

இசைத்தட்டின் உருவமும் பதிலுக்கு மாறியது. இந்தக் கதை கொஞ்சம் தற்செயல். 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் டிஸ்கோவுக்காகப் பாட்டுகளை நீட்டிக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தட்டு வெட்டும் இடத்தில் ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோக, அங்கிருந்த பொறியாளர் ஹோசே ரோட்ரிகஸ் ஒரே பாட்டைப் பத்து அங்குலத் தட்டில் வெட்டினார். இடம் தாராளமாகக் கிடந்ததால் வரிகளை அகலமாகவும் சத்தத்தைக் கூட்டியும் வெட்ட முடிந்தது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த படி பன்னிரண்டு அங்குலம். 1976இல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் பாட்டு ஒன்றை வால்ட்டர் கிப்பன்ஸ் நீட்டிக் கலக்க, அது பன்னிரண்டு அங்குல சிங்கிளாகக் கடைக்கே வந்தது.

பெரிய தட்டு நன்றாக ஒலித்ததற்குக் காரணம் எளிது. ரெக்கார்டின் வரி என்பது ஊசி இடவலமாக ஆடும் ஒரு பள்ளம். ஒரே ஊசி வேகத்துக்கு, அதிர்வெண் குறையக் குறைய ஆட்டத்தின் வீச்சு கூடும். 50 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலிக்கு 1000 ஹெர்ட்ஸ் ஒலியைப்போல் இருபது மடங்கு இடம் வேண்டும். வெட்டும்போது பாஸைக் குறைத்து, பிளேயரில் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு 1950களிலேயே வந்துவிட்டது. அப்படியும் பாஸ்தான் இடத்தைத் தின்னும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டுகளை அடைத்தால் வரிகள் நெருங்கும், பாஸை அடக்கி வாசிக்கவேண்டும். அதே பக்கத்தில் ஏழு நிமிடம் மட்டும் என்றால் பாஸ் காலை நீட்டிப் படுக்கலாம். தவிர, தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு அரை மீட்டர் வரி ஓடுகிறது. உள் ஓரத்தில் 20 சென்டிமீட்டர்தான். வெளியே இருக்கும் பாட்டுக்கு எழுத அதிகத் தாள் கிடைக்கிறது என்று பொருள். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் டிரம்ஸ் மட்டும் ஓட இடம் கிடைத்தது. அந்த இடத்தில் அடுத்த பாட்டைக் கலக்கலாம். நடன இசையின் கட்டமைப்பில் இன்றும் அந்த நீண்ட முகப்பும் நீண்ட வாலும் இருக்கின்றன.

பிராங்ஸில் இதற்கிடையே விரல் அடுத்த காரியத்தைச் செய்திருந்தது. 1970களின் நடுவில் தியோடர் லிவிங்ஸ்டன் என்ற பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் வீட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, சத்தத்தைக் குறை என்று அம்மா கதவைத் தட்டினார். அம்மா பேசி முடிக்கும்வரை தட்டை விரலால் பிடித்திருந்தவன் கை, சும்மா இராமல் முன்னும் பின்னும் அசைந்தது. அந்த ஓசை பிடித்துப்போனது. கிராண்ட் விஸார்ட் தியோடர் சொல்லும் ஸ்க்ராட்ச்சின் பிறப்புக் கதை இதுதான்.

என்ன ஓசை அது? கால் சுற்று தட்டு சாதாரணமாக ஓட 0.45 விநாடி ஆகும். கை அதை 0.1 விநாடியில் தள்ளினால் வேகம் நாலரை மடங்கு. 200 ஹெர்ட்ஸ் ஒலி 900க்குப் பாயும். இரண்டு ஸ்தாயிக்கும் மேலே. கை தொடங்கும்போதும் முடியும்போதும் வேகம் பூஜ்யம் என்பதால், ஒலி அடியிலிருந்து சீறி எழுந்து மறுபடி அடிக்கே இறங்கும். கமகம் என்று சொன்னால் வித்வான்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் இரண்டு நிலைகளுக்கு இடையே வழுக்குவதில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது. எல்லா ஒலியும் இதற்கு ஒத்துவராது. தூய்மையான புல்லாங்குழல் ஒலி வெறும் விசிலாகிவிடும். 1982இல் வந்த 'சேஞ்ச் த பீட்' என்ற ரெக்கார்டின் கடைசியில், குரலை எந்திரத்தில் வடிகட்டி 'ஆ' என்று இழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்த ஒரு கூச்சலை உலகமெங்கும் ஸ்க்ராட்ச் செய்கிறவர்கள் இன்னமும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் மேல் அதிர்வெண்கள் நிறைந்து கிடப்பதால், கை எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் ஒலிக்கு முகம் இருக்கிறது. வேகமாக நகர்ந்தாலும் கீச்சொலி ஆகிவிடுவதில்லை.

ஒரு கை ரெக்கார்டில் இருந்தால் மறு கை க்ராஸ்ஃபேடரில். இரண்டு பிளேயருக்கு நடுவே மிக்ஸரில் கிடக்கும் சின்ன நகர்த்தி அது. ஒரு கோடிக்குத் தள்ளினால் இடது பிளேயர், மறு கோடிக்கு வலது. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறவேண்டும் என்பதற்காக வைத்தது. ஸ்க்ராட்ச் செய்கிறவர்கள் அதை வாயாக்கிக்கொண்டார்கள். கை பின்னால் இழுக்கும் ஓசையை மூடி, முன்னால் தள்ளும் ஓசையை மட்டும் திறந்துவிட்டால் ஒரு சொல் கிடைக்கிறது. இழுக்கும்போதே நாலு முறை திறந்து மூடினால் அதே ஒலி நாலாக நறுக்கப்படும். கலிஃபோர்னியாவின் டிஜே கியூபர்ட் பெயரோடு சேர்ந்த 'நண்டு' என்றொரு வித்தை இருக்கிறது: கட்டைவிரல் நகர்த்தியை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும், மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைச் சுண்டிவிடும். ஒரு கையசைவுக்குள் மூன்று நான்கு வெட்டு.

இதற்காக மிக்ஸர் செய்பவர்கள் படாத பாடு பட்டார்கள். மெல்ல நகர்த்தச் செய்த கார்பன் தடம் இந்த அடியைத் தாங்காமல் தேய்ந்து, கரகரவென்று இரைந்தது. பிறகு உரசாமலே வேலை செய்யும் காந்த நகர்த்திகள் வந்தன. ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒலி முழுசாகத் திறக்கும்படி அமைத்தார்கள். ஒருகாலத்தில் சில டிஜேக்கள் வயர்களை இடவலம் மாற்றிச் செருகி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். அதைப் பார்த்து, திசையைத் திருப்பிவிடும் ஒரு சுவிட்சே மிக்ஸரில் இடம்பிடித்தது. கலிஃபோர்னியாவின் ஒரு டிஜே குழுவின் பெயரை வைத்து அதற்கு 'ஹாம்ஸ்டர் சுவிட்ச்' என்று பேர்.

பிளேயரையும் சும்மா விடவில்லை. போட்டிகளில் அதைத் தொண்ணூறு பாகை திருப்பி வைப்பார்கள். ஊசிக் கை தூரத்து ஓரத்துக்குப் போய்விடும். கைக்கு முன்னால் தட்டு முழுக்க வெற்றிடம். ஊசிமுனையிலும் தேர்வு நுணுக்கமானது. வீட்டில் நுணுக்கமாகக் கேட்பவர்கள் நீள்வட்ட முனையை விரும்புவார்கள், அது பள்ளத்தின் மூலைமுடுக்கெல்லாம் தொடும். ஆனால் தட்டைப் பின்னால் இழுக்கும்போது அதே முனை உளியாகிவிடும். ஆகவே டிஜேக்களுக்கு உருண்டை முனை. அப்படியும் ஒரே இடத்தில் நூறு தடவை முன்னும் பின்னும் உரசினால் பள்ளம் தேய்ந்து 'ஸ்ஸ்' என்று இரையும். ஒரு டிஜேயின் பழைய ரெக்கார்டை வாங்கிப் போட்டுக் கேட்டால், அவர் எந்த இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினார் என்று அந்த இரைச்சலே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்திரம் மனிதனை எங்கே கட்டிப்போடுகிறது என்று கேட்டால் இதே காலத்து இன்னொரு பெட்டியைக் காட்டவேண்டும். 1980களின் தொடக்கத்தில் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டிபி-303, தனியாக கிதார் பழகுகிறவருக்குத் துணையாக பாஸ் வாசிக்கும் பெட்டி. அதில் ஸ்வரங்களை ஒரு தடவையும், அவற்றின் கால அளவைத் தனியாக இன்னொரு தடவையும் உள்ளிடவேண்டும். குழப்பம் தாங்காமல் விற்பனை படுத்தது. நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் அது சிகாகோ இளைஞர்கள் கைக்குப் போனது. தப்பும் தவறுமாக உள்ளிட்ட சரடை ஓடவிட்டுக் குமிழ்களைத் திருக, ஆசிட் ஹவுஸ் பிறந்தது. அவர்களுடைய ஃபியூச்சர் குழுவின் தட்டு 1987இல் வந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1982இல், மும்பையில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதே பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருந்தார். அன்று அதைச் சீந்துவாரில்லை. சிகாகோக்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. ஆனால் கேட்டால் உறவுக்காரர்கள் போலிருக்கும். ஒரே குமிழைத் திருகியவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ராகத்தின் ஆரோகணமும் அந்தப் பெட்டியின் பதினாறு கட்டமும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று ரோலண்டின் பொறியாளர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

புத்தாயிரத்துக்குப் பிறகு ரெக்கார்டில் பாட்டே இல்லாமல் போய்விட்டது. 2004இல் பரவத் தொடங்கிய செராட்டோ போன்ற மென்பொருள்களோடு வரும் ரெக்கார்டை நேராக ஸ்பீக்கரில் போட்டால் காதைக் குடையும் ஒரே ஓசைதான் கேட்கும். செராட்டோவின் தட்டில் அது 1000 ஹெர்ட்ஸ் தொனி. இடது ஒலிவழியிலும் வலது ஒலிவழியிலும் அதே தொனி, ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் அலை முந்தி ஓடும். கணினி அதை எண்ணுகிறது. தொனி 1100 ஆனால் கை 10% வேகமாகத் தள்ளுகிறது. எந்த ஒலிவழி முந்துகிறது என்பதை வைத்து, தட்டு முன்னால் ஓடுகிறதா பின்னால் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். கூடவே தட்டின் எந்த இடத்தில் ஊசி நிற்கிறது என்ற குறியீடும் அதே தொனிக்குள் பொதிந்திருக்கும். இவ்வளவையும் வைத்துக் கணினி தன் வட்டில் உள்ள பாட்டை அதே வேகத்தில் அதே திசையில் ஓட்டுகிறது. ஒரு பை நிறைய ரெக்கார்டு சுமந்த முதுகுகளுக்கு நிம்மதி. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றலாம், அந்த 5.95% கணக்கு செல்லாக்காசாகிவிட்டது.

கூடவே திரையும் வந்தது. பாட்டின் ஒலியலை படமாக ஓட, பிரேக் எங்கே வருகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. இரு தாளங்களையும் ஒரே பொத்தானில் பூட்டிவிடலாம். அந்தப் பொத்தானைத் தொடுகிறவன் டிஜேயே இல்லை என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அந்த ரோஷம் மிகை என்றுதான் படுகிறது. ஃபிளாஷ் மெழுகுப் பென்சில் எடுத்தபோதும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அவரும் காதை நம்பாமல் கண்ணை நம்பியவர்தான். மாறியிருப்பது வேறு இடத்தில்: அடுத்த பாட்டைப் பொருத்த ஒரு நிமிடம் செலவானபோது அந்த நிமிடம் முழுக்க டிஜே இரண்டு பாட்டையும் கேட்டே ஆகவேண்டியிருந்தது. இப்போது கேட்பது அவர் இஷ்டம்.

டெக்னிக்ஸ் 2010இல் எஸ்எல்-1200 உற்பத்தியை நிறுத்தியது. 35 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது. 2016இல் மீண்டும் தொடங்கினார்கள். 2019இல் வந்த ஏழாம் வடிவத்தில் தட்டைப் பின்னோக்கிச் சுற்றவிடும் வசதி இருக்கிறது, நாற்பது வருடத்துக்கும் மேலாக விரல் செய்துவந்த வேலை. அதற்கு ஒரு வருடம் முன்பு ரேன் நிறுவனம் வெளியிட்ட கருவி இன்னும் விநோதமானது. பன்னிரண்டு அங்குலச் சுழல்தட்டு இருக்கிறது, அதன் மேல் ஸ்லிப்மேட் இருக்கிறது, மேலே ஒரு வினைல் தட்டும் இருக்கிறது, கீழே வலுவான மோட்டார் 33⅓ வேகத்தில் சுற்றுகிறது. ஊசி கிடையாது. ஊசியைத் தாங்கும் கையும் கிடையாது. சுழற்சியை உணரிகள் கணினிக்குச் சொல்லிவிடுகின்றன. கணினியைப் பொறுத்தவரை அந்த மோட்டாரும் துணியும் வினைலும் தேவையே இல்லாதவை. விரலுக்கு எதிரே 35 கிராம் தடுப்பு வேண்டும் என்பதற்காக மட்டும் அத்தனையும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.